பூட்டிய அலமாரிக்குள் நூறு டிகிரி

தென்காசியில் முதல் சாரல் விழுந்துவிட்டால் ஆறுமுகநயினாருக்கு உலகத்தில் சூடு என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். அன்றைக்கே தன் ஸ்டுடியோவின் ஏசியை அணைத்து, ரிமோட்டை மேசைக்குள் போட்டுவிடுவார்.

"குத்தாலத்துக் காத்து சும்மா வருது. மெட்ராஸ்காரன் ரூம் போட்டு வந்து வாங்குத காத்து. இதுக்கு மேல என்னத்த ஏசி?" என்பார். அந்தக் காற்றை அவரே ஆள் வைத்து அனுப்பியதுபோல ஒரு முகம் இருக்கும் அப்போது.

அந்த முகத்தைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துவருகிறவள் உலகம்மாள். சுந்தரபாண்டியபுரத்தில் பிறந்து, டைப்ரைட்டிங் வகுப்புக்கென்று தென்காசிக்குப் பஸ் ஏறி, கம்ப்யூட்டரையும் கற்றுக்கொண்டு, கல்யாண வீடியோ எடிட் செய்ய இங்கே வந்து உட்கார்ந்தவள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தாலிகட்டுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டாள். அதில் மாப்பிள்ளைகள் மேலும் முதலாளிகள் மேலும் இருந்த மரியாதை தேய்ந்துபோயிற்று. மெஷின் மேல் மட்டும் மிச்சம் இருந்தது.

இந்த சீசனுக்கு ஆறுமுகநயினார் புதிதாக ஒரு பயத்தைப் பிடித்துக்கொண்டார். சாரல் ஈரம் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடுமாம். ஆசாரியைக் கூப்பிட்டு மேசைக்கு அடியில் ப்ளைவுட்டில் ஓர் அலமாரி அடித்தார். சிபியு பெட்டியை அதற்குள் வைத்து, வயருக்கு மட்டும் ஓட்டை விட்டுப் பூட்டினார். ஈரத்தை இழுக்க உள்ளே ஒரு சிரட்டை அடுப்புக்கரி, பூச்சிக்கு நாலு அந்துருண்டை, கதவில் சந்தனம் குங்குமம். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்.

"அண்ணாச்சி, அதுக்குக் காத்து வேணும்லா," என்றாள் உலகம்மாள்.

"உள்ளதான் ஃபேன் ஓடுதுல்லா?"

"ஓடுது. உள்ள இருக்க சூட்டையே திருப்பித் திருப்பிச் சுத்துது."

"சீசன்ல சூடாம். வெளிய சொல்லிராத உலகு, சிரிப்பாங்க."

அவளுடைய புருஷன் பாண்டிராஜ் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஏற்றிப்போகும் லாரி டிரைவர். காற்றுப் போகாமல் அடுக்கினால் நடுமூட்டை எப்படி வெந்து அழுகும் என்பதும், ரேடியேட்டரை மறைத்தால் எஞ்சின் என்ன ஆகும் என்பதும் அவள் வீட்டில் சோற்றோடு பேசுகிற விஷயம். ஆறுமுகநயினாரிடம் அதைச் சொல்வதைவிட அந்தக் கரிச் சிரட்டையிடம் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சூடு வேலையில் வந்து நின்றது. வடகரை இசக்கிப்பாண்டி பட்டாளத்துக்காரன். திங்கட்கிழமைதான் கல்யாணம் முடிந்திருந்தது. வெள்ளி சாயங்காலம் ரயில். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் அவன் அம்மா மண்டபத்துக்கு வரவில்லை. கிளம்புவதற்கு முன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழு வீடியோவையும் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டிருந்தான். அடுத்த லீவு எட்டு மாதம் கழித்து. "மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க தம்பி," என்று உலகம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

எடிட் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கோத்து ஒரே படமாக எழுதித் தரவேண்டியதுதான் பாக்கி. முப்பத்தெட்டு சதவீதத்தில் திரை இருண்டது. மறுபடி போட்டாள், முப்பத்தொன்றில் இருண்டது.

"வைரஸ்," என்றார் ஆறுமுகநயினார். மூன்றாம் முறை அணைந்ததும், "கரண்டு சரியில்ல," என்றார். அப்புறம், "நீ பூப்பூவா எஃபெக்ட் போடுத. அது தாங்குமா?" என்றார். கடைசியாக, யாரோ கண் வைத்துவிட்டான் என்று கண்டுபிடித்து, ஓர் எலுமிச்சம்பழத்தை அலமாரிப் பூட்டில் கட்டினார்.

"சாவியக் குடுங்க அண்ணாச்சி."

"தொறந்தா உள்ள ஈரம் போயிரும். எனக்கு மண்டை கொதிக்கு. ஐந்தருவில ஒரு குளி போட்டுட்டு வாரேன்," என்று துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவர் மண்டைக்கு ஐந்து அருவி. மெஷினுக்கு ஒரு பூட்டு.

உலகம்மாள் வெப்பம் காட்டும் சாஃப்ட்வேரைத் திறந்தாள். சும்மா இருக்கும்போது நாற்பது, ஐம்பது டிகிரி இருக்கலாம். முழுவேலையில் எண்பதுக்குள் நின்றால் நிம்மதி. இது சும்மாவே அறுபத்தெட்டில் இருந்தது. வேலையைக் கொடுத்ததும் தொண்ணூறு, தொண்ணூற்றேழு என்று ஏறி நூறைத் தொட்டது. பிராசஸர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தது. அப்படியும் தணியாமல், கருகுவதற்கு முன் தானே அணைந்துகொண்டது. முதலாளியைவிட அதற்குப் புத்தி இருந்தது.

மணி பத்தரை. ஆறுமுகநயினாருக்குப் போன் போட்டாள். மேசை இழுப்பறைக்குள் அடித்தது. அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பூட்டுப் போட்ட மனுஷன் கதவின் கீல்களை வெளிப்பக்கமாக வைத்திருந்தார். எட்டு ஸ்க்ரூ. கதவு பூட்டோடு கையில் வந்தது. கூடவே அந்துருண்டை வாடையோடு அடுப்படி அனல்.

பெட்டியைக் கழற்றினாள். பிராசஸரின் மேல் உட்காரும் விசிறிக்குக் கீழே, அலுமினியத் தகடுகளின் இடுக்கில், தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. கல்யாணப்பெண்களுக்குப் பவுடர் பூசும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். விசிறியைத் தகடுகளோடு தூக்கியதும், அடியில் சூட்டைக் கடத்துவதற்கான பேஸ்ட் காய்ந்து திருநீறாக உதிர்ந்தது. போன வருஷம் அவளே வாங்கிவந்த ட்யூப் ஒன்று, "மெஷினுக்குக் களிம்பா?" என்று அவர் சிரித்ததால் கிடப்பில் கிடந்தது. பழசை ஸ்பிரிட்டால் துடைத்து, பட்டாணி அளவு புதுசை நடுவில் வைத்து, விசிறியின் நான்கு கால்களையும் குறுக்குமறுக்காக அழுத்தினாள். நான்கும் டக்கென்று உட்கார்ந்தன. சாரல் தெறிக்காத சுவரோரமாக, பின்பக்கம் காற்றுக்கு ஒரு சாண் இடம் விட்டுப் பெட்டியை வைத்தாள்.

சும்மா இருக்கும்போது நாற்பத்து மூன்று டிகிரி. வேலை கொடுத்ததும் எழுபத்து நாலில் போய் நின்றது. முப்பத்தெட்டு சதவீதம் வந்தபோது மட்டும் அவள் திரையைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்தபோது நாற்பத்தொன்று சதவீதம்.

ஒன்றேமுக்காலுக்குப் படம் முடிந்தது. இரண்டு மணிக்கு இசக்கிப்பாண்டி வந்து பென்டிரைவைக் கையில் வாங்கும்போது, ஆறுமுகநயினார் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"பாத்தீரா மாப்ள? எலுமிச்சம்பழம் வேலையக் காட்டிட்டு."

"ஆமா அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள். "கதவையும் அதுதான் கழத்துச்சு."

இசக்கிப்பாண்டி சிரிப்பை அடக்க வாசலைப் பார்த்துக்கொண்டான். "வாரேங்க்கா. அம்மா முழிச்சிக்கிடப்பா," என்று பைக்கைக் கிளப்பினான். ரயிலுக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. படம் இரண்டரை மணி நேரம்.

ஆறுமுகநயினார் அலமாரிக்குள் குனிந்து பார்த்தார். கரிச் சிரட்டையும் அந்துருண்டையும் மட்டும் இருந்தன. "கதவ எங்க?"

"சுவரோரமாப் பாருங்க."

இரண்டு செங்கல்லின் மேல் கதவு படுத்திருந்தது. கதவின் மேல் சிபியு ஓடிக்கொண்டிருந்தது. பூட்டும் எலுமிச்சம்பழமும் ஓரத்தில் இன்னும் தொங்கின. அவர் கை பழக்கத்தில் அரைஞாணிலிருந்த சாவியைத் தொட்டது.

"தரை ஈரம் ஏறாம ஒசரமா வைக்கணும்னு நானே நெனச்சேன்," என்றார்.

உலகம்மாள் அடுத்த கல்யாணத்தைத் திறந்தாள்.