ஒரு தடவை வந்துட்டுப் போங்க

முன்பின் தெரியாதவரிடம் கூச்சமில்லாமல் அந்தரங்கக் கேள்வி கேட்பதுதான் ரத்த வங்கிக் கவுன்சிலர் வேலை. கெட்ட செய்தியை எப்படி ஆரம்பிப்பது என்று முழித்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

படிவம்

நோயாளிக்கு வாங்கும் ரத்தத்துக்கு ஈடாக வீட்டு ஆட்கள் ரத்தம் கொடுப்பது டெல்லியில் பல ஆஸ்பத்திரிகளில் வழக்கம். கொடுப்பவர் ஒருவர், துணைக்கு நாலு பேர். அதனால் துணையை முதலில் டீ குடிக்க அனுப்பிவிடுவேன். மயூர் விஹார் மாமி ஒருவர் மட்டும் நகரவில்லை. படிவத்தில் இருக்கிறபடி, மஞ்சள் காமாலை வந்ததா, வேறு பெண்களோடு தொடர்பு உண்டா என்று மகனைக் கேட்டதும் முந்திக்கொண்டார்.

"வெங்காயம் பூண்டுகூடத் தொடமாட்டான். அவனைப் போய் இதெல்லாம் கேக்கறேளே?"

போன்

வாங்கிய ஒவ்வொரு பையையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் என்று சோதிப்போம். கிருமி தெரிந்தால் பையை அழித்துவிட்டு, கொடுத்தவரைக் கூப்பிடவேண்டும். போனில் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. "ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சரோஜினி நகரில் இருக்கும் திருநெல்வேலிக்காரர் முருகேசன், மனைவியின் பிரசவத்துக்காகக் கொடுத்தவர். அவருக்கு ஹெபடைடிஸ் பி. நான் கூப்பிட்டதும் சிரித்தார்.

"இப்பதான மேடம் குடுத்தேன், இன்னும் ஊறவே இல்லியே?"

மடித்த கை

யாருக்கோ அவசரம் என்று நினைத்து, வயிறாரச் சாப்பிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன். மனைவிக்கு ஏற்றியது சோதித்த வேறு ரத்தம்தான், அவரும் பரிசோதனைக்கு வரட்டும் என்றும் சொன்னேன். முருகேசன் மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். தனக்கு என்ன ஆகும் என்று கேட்கவே இல்லை.

"பிள்ளை பொறந்து பதினாறு நாளு மேடம். இனி நான் தூக்கலாமா, கூடாதா?"

ரிப்போர்ட்

தாராளமாகத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம், குழந்தைக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டாயிற்று என்று மூன்று முறை சொல்லி, அவரைக் கல்லீரல் டாக்டரிடம் அனுப்பினேன். மறுவாரம் மனைவியை அழைத்து வந்தார். குழந்தை அவர் தோளில்தான் தூங்கியது. மனைவியின் ரத்தத்தில் கிருமி இல்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்து, அவருக்கும் தடுப்பூசி எழுதித்தரும்படி டாக்டரிடம் சொன்னேன். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே அந்தப் பெண் புகார் சொன்னாள்.

"தூக்கலாம்னு நீங்க சொன்னதுலேர்ந்து இவிய கீழ எறக்கவே மாட்டேங்காவ. பால் குடுக்க மட்டுந்தான் எங்கிட்ட தாராவ."

ரத்தத்தில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம், ஆனால் ஒன்றும் இல்லை என்று எழுதும் நாளில்தான் சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறது.