அந்த நாவலைப் பற்றி அம்மா சொன்னது

பல் டாக்டரின் கிளினிக்கில் உதவியாளராக இருந்ததால் தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றே கூப்பிட்டார்கள். பகல் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களோடு பழகிப் பழகி அவளுக்கும் பேச்சு மறந்துவிட்டது என்று தம்பி கேலி செய்வான். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு ஒரு மாடி வீட்டில் இருந்தாள். அவள் சிறுமியாக இருந்தபோதே, வேலைக்குப் போன ஊரில் அப்பா விபத்தில் இறந்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் சிலர் கூடி, ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசுவார்கள். பல்லக்காவும் போவாள். அந்த முறை எடுத்துக்கொண்டது மூன்று தலைமுறைக் கதை சொல்லும் தடித்த நாவல். வெள்ளத்தில் செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய மூத்த மகன், சில வருடங்கள் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அதற்குள் அவன் மனைவி அவனுடைய தம்பியையே மணந்து, கையில் குழந்தையோடு இருக்கிறாள். கதவைத் திறந்த தாய் அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, சாகும்வரை அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. பேரன் காலத்தில்தான் விஷயம் வெளியே வருகிறது.

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா, இதில் மர்மமே இல்லை, பாதியிலேயே தனக்குப் பிடிபட்டுவிட்டது என்றார். யார் யாருக்குப் பிள்ளை என்று நினைவு வைப்பதற்குள் தலை கிறுகிறுத்துவிட்டது என்று பேக்கரிக்காரர் அலுத்துக்கொண்டார். ஆனால் உண்மையான சண்டை அந்தத் தாயைப் பற்றித்தான். பெற்ற பிள்ளையை வாசலோடு துரத்தியவளை மன்னிக்கவே முடியாது என்று கல்லூரி மாணவி ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றாள்.

பல்லக்கா அன்று அதிசயமாக வாய் திறந்தாள். "அவளுக்கு வேற வழி என்ன இருந்துச்சு? உள்ளே விட்டிருந்தா மொத்தக் குடும்பமும் சிதறியிருக்கும். கடைசிவரைக்கும் மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கினாளே, அது போதாதா?"



அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது. அதனால் அதே நாவலை மாலை நேரங்களில் பல்லக்கா வாசித்துக் காட்டினாள். அம்மா சும்மா கேட்கிற ஆளில்லை. இவன் உருப்பட மாட்டான், இவளுக்கு வாய் நீளம் என்று பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் குறுக்கே பேசிக்கொண்டே இருப்பாள். மூத்த மகன் கதவைத் தட்டிய இடம் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. நூலகத்தில் தான் சொன்னதைப் பல்லக்கா பெருமையாகச் சொன்னாள்.

"நீ சொன்னது தப்பு," என்றாள் அம்மா. "அவ குடும்பத்தைக் காப்பாத்தல. செத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னு அனுப்பிட்டா."

"கதையில அப்படி எங்கேயும் இல்லையேம்மா."

"கதையில இல்ல. உங்கப்பா விபத்துல சாகல. வேற ஒருத்தியோட போயிட்டாரு. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு, செத்துட்டாருன்னு சொன்னேன். கொஞ்ச வருஷம் கழிச்சு வந்து நின்னாரு. பிள்ளைங்களை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்னாரு. நீ உள்ளே பாடம் படிச்சிட்டிருந்தே. உன் குரல் அவருக்கும் கேட்டிருக்கும். நான் கதவைச் சாத்திட்டேன்."

பல்லக்கா புத்தகத்தை மூடி வைத்தாள். அதன்பின் பல நாட்கள் சமைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளினிக்கில் டாக்டர் கேட்ட கருவிக்குப் பதில் வேறொன்றை நீட்டினாள். கதையில் வந்தவளுக்காக அவ்வளவு சுலபமாகப் பரிந்து பேசிய வாய், பெற்றவளுக்காகத் திறக்க மறுத்தது. உயிரோடு இருந்த மனிதருக்காக அழுது வளர்ந்திருக்கிறோம் என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

விஷயம் கேட்ட தம்பி, அக்கா மேல்தான் பாய்ந்தான். அம்மாவுக்குப் போய் அதையெல்லாம் ஏன் வாசித்துக் காட்டினாய், செத்துப்போன நல்ல அப்பா ஒருவர் எனக்கு இருந்தார், அவரையும் பறித்துவிட்டாய் என்றான். வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான்.

அப்பா போய் இருந்த ஊர் எது என்று அம்மாவிடமே கேட்டு, பல்லக்கா லீவு போட்டுவிட்டுத் தேடிப் போனாள். அவர் இறந்து பல காலம் ஆகியிருந்தது. அவரோடு வேலை பார்த்த லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். "அதிகம் பேச மாட்டாரும்மா. கூட இருந்த அந்தம்மா போனப்புறம் தனியாத்தான் இருந்தாரு. இந்த மெஷின்லதான் நிப்பாரு," என்று காட்டினார். அவள் சிறிது நேரம் அதன் எதிரே நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசியில தனியாவா இருந்தாரு?"

"ஆமாம்மா."

அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தாள். எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சில மாதங்களில் தம்பியும் வரத் தொடங்கினான். அம்மா சொல்லாமலே போயிருக்க வேண்டும் என்பது இன்றும் அவன் கட்சி. சொன்னதுதான் அம்மா செய்த நல்ல காரியம் என்பாள் பல்லக்கா. அம்மா இருவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.