மின்பிரிவின் தொடக்க ஆட்டக்காரர்

"மாமியார் இன்னும் வரலை சார், ஒரு நிமிஷம்" என்று நடுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் அப்பா. காலில் பேடு, கையில் மட்டை, காதில் பென்சில். மூன்றாவது கோபுரத்தின் உச்சியில் ஒரு விளக்கு மட்டும் இன்னும் ஊதா நிறத்தில் முனகிக்கொண்டிருக்கிறது. மற்ற அறுபத்துமூன்றும் எரிந்தாயிற்று. "அவங்க அப்படித்தான். எல்லாரும் வந்து உக்காந்தப்புறம்தான் வருவாங்க. ஆனா வந்துட்டா, பிரகாசம் அவங்கதான்."

உறுமுகிற விளக்குக்கு மாப்பிள்ளை என்று பெயர். அடிக்கடி கண் சிமிட்டுவது சித்தப்பா. நகராட்சி மின்பிரிவில் அப்பா ஃபோர்மேன். வயது ஐம்பத்தாறு. இந்த மைதானத்தின் நான்கு கோபுரங்களையும் இருபத்தேழு வருடமாகப் பராமரிக்கிறார். துறைகளுக்கு இடையே நடக்கும் இரவு ஆட்டங்களில் மின்பிரிவுக்காக முதலில் இறங்குகிறவரும் அவர்தான். இத்தனை வருடத்தில் அதிகபட்சம் நாற்பத்தொன்று. அதைப் பற்றி வருத்தம் இல்லை. "ரன் எடுக்கறது பசங்க வேலை. புதுப்பந்தைக் கிழடாக்கறது என் வேலை."

வேகப்பந்தை விளக்கு வெளிச்சத்தில் ஆடுவது பற்றி அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "பகல்ல பந்தைப் பாரு. ராத்திரியில மணிக்கட்டைப் பாரு. பந்து பொய் சொல்லும். மணிக்கட்டுக்கு அவ்வளவு விவரம் பத்தாது." நான்கு கோபுர வெளிச்சத்தில் ஓர் ஆளுக்கு நான்கு நிழல் விழும். ஒவ்வொரு புதுப் பந்துவீச்சாளரிடமும் அதைக் காட்டுவார். "தம்பி, இங்கே நாங்க நாலு பேர் நிக்கறோம். நீ தனியாவா வந்தே?"

வீட்டிலும் மட்டை இல்லாமல் ஆடுவார். அம்மா ஏதாவது வேலை சொன்னால் எழுந்து நின்று, இல்லாத மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, பந்தைக் கீப்பருக்கு விடுவதுபோல வழிவிடுவார். "ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போறதை நான் தொடறதில்லை."

"இது நேரா வர்ற பந்துங்க. குப்பைக் கூடையை எடுங்க" என்பாள் அம்மா.

மின்பிரிவு ஆட்டக்காரர் யாரும் ஆட்டம் முடியும்வரை சுவிட்ச் அறைக்குள் நுழையக் கூடாது என்று மற்ற அணிகள் சேர்ந்து ஒரு விதி எழுதி வாங்கியிருந்தன. மின்பிரிவில் இருப்பதே பதினோரு பேர். பதினோரு பேரும் ஆட்டக்காரர்கள். அந்த விதியில் மனைவிகளைப் பற்றி ஒன்றும் இல்லை. எனவே அம்மா ஒரு ஃபிளாஸ்க்குடன் போய்ச் சுவிட்ச் அறையில் உட்கார்ந்தாள். பத்து வருடம் உட்கார்ந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் பந்து எகிறி அப்பாவின் விலாவில் இறங்கியது. அவர் முட்டி போட்டார். அடுத்த நொடி அறுபத்துநான்கு விளக்கும் அணைந்தன. இந்த வகை விளக்கு அணைந்தால் உடனே எரியாது. ஆறி, மறுபடி சூடேறப் பதினைந்து நிமிடம் வேண்டும். இரண்டு அணியும் இருட்டில் புல்லில் உட்கார்ந்தன. அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் அறை வாசலுக்குப் போனார். உள்ளே நுழையவில்லை, விதி.

"என்ன பண்ணினே?"

"மெயின் சுவிட்ச் கைப்பிடியில கொசு உக்காந்திருந்துதுங்க."

"அடிச்சியா?"

"அடிச்சேன்."

பராமரிப்புப் பதிவேட்டில் அவர் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது: தடை, பதினைந்து நிமிடம். காரணம், கொசு. பொறியாளர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். பெரிய கொசு என்று அப்பா பதில் எழுதினார்.

ஏழு மாதத்துக்கு முன் அம்மாவை ஒரு சின்ன ஆபரேஷனுக்கு அழைத்துப்போனோம். 'சின்ன' என்பது டாக்டர் சொன்ன சொல். நான்காம் நாள் ஃபிளாஸ்க்கை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தோம்.

கோபுரம் ஏறுகிறவர்களுக்கு வருடாந்தரக் கண் பரிசோதனை உண்டு. எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, ஒரு கண்ணை மூடச் சொல்வார்கள். இந்த வருடம் அப்பா வலது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். போன வாரம்தான் அட்டையை மாற்றியிருந்தார்கள். அப்பா ஒப்பித்தது பழைய அட்டை.

"அச்சுக்காரன் தப்பு பண்ணியிருக்கான்" என்றார் வீட்டுக்கு வந்து.

இடது கண்ணில் புரை. பழுத்தாயிற்று. கோபுரம் ஏறத் தடை. அறுவைசிகிச்சை இருபது நிமிடம்தான், அன்றே வீட்டுக்கு வரலாம் என்று கண் மருத்துவர் சொன்னார். சின்ன ஆபரேஷன்தான் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா எழுந்து, இல்லாத மட்டையைத் தூக்கி, வழிவிட்டார். மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதன்பிறகு கண் என்றாலே விளையாட்டுதான். "இப்பல்லாம் பந்தைச் சுத்தி ஒரு வட்டம் தெரியுது. பந்து பெரிசா தெரிஞ்சா ஆடறவனுக்கு நல்லதுதானே?"

நான் அளவுக் கருவிகளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். தீயணைப்புத் துறையின் வேகப்பந்து வீச்சாளருக்குச் சைரன் என்று பட்டப்பெயர், பந்தை விடும்போது ஒரு கத்து கத்துவதால். அவருடைய வேகம் மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர். பந்து வந்துசேர அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். வலக்கை ஆட்டக்காரர் பக்கவாட்டில் நிற்கும்போது இடது கண்தான் முன்னால் இருக்கிறது. வலது கண்ணைப் பாதி மூக்கு மறைக்கும்.

"ஆபரேஷன் வேணாம்னா நெஞ்சையாவது கொஞ்சம் திருப்பி நில்லுங்கப்பா. நல்ல கண்ணுக்கும் பந்து தெரியும்."

"கண்ணு தெரியாதவன் திரும்பி நிப்பான். நான் எதுக்குத் திரும்பணும்? நிக்கறதைப் பார்த்தே ஊரெல்லாம் கண்டுபிடிச்சிடும்."

"தலையில பட்டா?"

"பட்டாத்தானே?" பிறகு என் தாளை நான்காக மடித்தார். "பந்தயம் கட்டலாமா பாப்பா? சனிக்கிழமை சைரனோட முதல் ஓவர். ஆறு பந்து. அவுட் ஆகாம நின்னுட்டேன்னா கண்ணுங்கற பேச்சே நம்ம வீட்டுல கூடாது."

"அவுட் ஆனா?"

"உன் பின்னாடியே வர்றேன். கத்தியை எடுக்கச் சொல்லு." வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "சுவிட்ச் அறையில நீ உக்காரு. மகள்களைப் பத்தியும் விதியில ஒண்ணும் இல்லை. ஆனா கைப்பிடியைத் தொடக் கூடாது. கொசு குடும்பத்தோட வந்து உக்காந்தாலும்."

சனிக்கிழமை மாமியார் வந்து சேர்ந்த பிறகு ஆட்டம் தொடங்கியது. ஆறு பந்தையும் தானே சந்திப்பதாக அப்பா ஜோடிக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார்.

முதல் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. மட்டையைத் தூக்கி விட்டார். விட்டாரா, அவருக்குத் தெரியவே இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது கையுறையில் பட்டுக் காலடியில் விழுந்தது. கீப்பர் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். அப்போது நடந்த பேச்சை அவர்தான் பிறகு சொன்னார்.

"பெரியவரே, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுங்களேன்."

"வீட்டுல பேச ஆள் இல்லைப்பா. இங்கேன்னா நீ இருக்கே."

மூன்றாவது தோளில் பட்டது. சத்தம் சுவிட்ச் அறைவரை கேட்டது. என் கை கைப்பிடியில் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. கீழே இழுத்தால் பதினைந்து நிமிடம் இருட்டு. பந்தயமும் இல்லை, பந்தும் இல்லை. அப்பா தோளைத் தடவவில்லை. சைரனிடம் ஏதோ சொன்னார். சைரன் சிரித்துவிட்டார். நான் இழுக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

நான்காவது மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு மேலே பறந்தது. இரண்டு ஓட்டம். அப்பா இரண்டாவது ஓட்டத்தை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாட்டியக்காரர் மாதிரி ஓடி முடித்தார். மைதானமே கைதட்டியது.

ஐந்தாவது பந்துக்கு யாரும் கைதட்டவில்லை. அது ஆஃப் ஸ்டம்பை ஒரு விரற்கடை இடைவெளியில் தாண்டிப்போயிற்று. பந்து கீப்பர் கையில் விழுந்த பிறகுதான் மட்டை இறங்கியது. சைரன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கீப்பர் பந்தைத் திருப்பி எறியாமல் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். அப்பா எதையும் சொல்லிச் சமாளிக்கவில்லை. 

ஒரு பந்து பாக்கி. இதுவரை காப்பாற்றிய அதிர்ஷ்டம் இன்னும் அரை நொடி காப்பாற்றினால் போதும்.

சைரன் ஓடி வரத் தொடங்கினார். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். கோட்டில் தான் கீறிவைத்திருந்த அடையாளத்தைக் காலணியால் தேய்த்து அழித்தார். நடுவரிடம் புதிய அடையாளம் கேட்டு, அந்த இடத்தில் கீறிக்கொண்டார். பிறகு இடது காலைப் பின்னுக்கு இழுத்துவைத்து, மைதானம் முழுக்கப் பார்க்க, நெஞ்சைச் சைரன் பக்கம் முழுதாகத் திருப்பி நின்றார்.