சூப்பர்சார்ஜர் மாற்றிய அன்று கேட்ட சத்தம்

என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரை என் காரிலிருந்து கழற்றிவிட்டு, படப்பையில் ஒரு ஷெட்டில் அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டினேன். "இந்த வயசுல இது தேவையா?" என்று மனைவி கேட்டதை நான் காதில் வாங்கவே இல்லை.

தாம்பரம் திரும்பும் வழியில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். கார் பாய்ந்தது. உடனே 'டொம்' என்று ஒரு சத்தம். பிரேக் போட்டால் இன்னொரு 'டொம்'. என்ஜின் போய்விட்டது என்றே முடிவுகட்டி, வியர்த்து வழிய ஓரங்கட்டினேன். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"என்ஜின் உடைஞ்சிடுச்சும்மா!" அழாத குறை.

"சத்தம் எங்கேர்ந்து வருது?"

"பின்னாடி, டிக்கிலேர்ந்து."

"ஏங்க, என்ஜின் முன்னாடிதானே இருக்கு? வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி சுத்தி உடைங்கன்னு டிக்கில தேங்காய் வச்சேனே, உடைச்சீங்களா?"

பறக்கிற அவசரத்தில் எவனுக்கு ஞாபகம் இருந்தது? டிக்கியைத் திறந்தேன். தேங்காய் உருண்டு வந்து நின்றது.

அதை எடுத்துக் காரைச் சுற்றி, அங்கேயே ஓங்கி உடைத்தேன். ஒரு தேங்காய் உடைந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. பிறகு சேலையூர் வீடு வரை நாற்பதைத் தாண்டவில்லை. ஏற்றிய பவர் மொத்தமும் அப்படியே பத்திரமாக இருந்தது.