நாடாவின் எச்சில்

எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்து யாரும் குடிக்கமாட்டோம். பூஜைப் பூவை மோந்து பார்த்ததற்காக மகளை அடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் தறியில் உட்கார்ந்தால், ஊடைநூலோடு குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் புது நூல்கண்டு போடும்போதெல்லாம் அதன் ஓட்டையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி வெளியே இழுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நாடா போடுகிற என் மனைவியும் அதே நாடாக்களை உறிஞ்சுவாள். அது எச்சில் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டிலோ அறுபத்தொன்பதிலோ எனக்கு இருமல் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் சின்ன டப்பா கொடுத்துக் காலைச் சளியைக் கொண்டுவரச் சொன்னார்கள். மஞ்சளும் பச்சையுமாக இழுபட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு கோயில் வாசலைக் கடக்க மனம் வரவில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

சளியைப் பார்க்கிறவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நீலத் தரையில் சிவப்பு நூலைப் பொடியாக நறுக்கிப் போட்டமாதிரி இருந்தது.

"இதுக்கு உசுரு இருக்குதா சார்?"

"டி.பி. கிருமி. இது செத்தது, சாயம் போட்டிருக்குது. உங்க நெஞ்சுல இருக்கறது உசுரோடதான் இருக்குது. ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். நுரையீரலையே தின்னுக்கினு இருக்கும். இருமுனா காத்துல வரும், எச்சில்லயும் இருக்கும். வூட்ல யாருக்காவது உங்க எச்சில் படுதா?"

"நாங்க ரொம்ப சுத்தம் சார்" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். நாடா ஞாபகம் வந்தது. அம்மனுக்கு நெய்து கொடுத்த புடவைகளும் ஞாபகம் வந்தன. வெளியே ஓடி வாந்தியெடுத்தேன்.

என் மனைவியையும் சளி கொடுக்கச் சொன்னார்கள். முடிவு வரும்வரை நான் தறிப்பக்கமே போகவில்லை.

"பதினோரு வருசமா உறிஞ்சறேன், இன்னிக்கித்தான் நாறுதா உங்களுக்கு?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். டப்பாவின் மூடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள்.

அவள் சளியில் கிருமி இல்லை என்று சொன்னார்கள். எனக்கு ஊசியும் மாத்திரையும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடின. ஆயுத பூஜையில் சந்தனம் வைத்துக் கும்பிட்ட நாடாக்களை நானே அடுப்பில் போட்டேன். அம்மா தாயே, மன்னித்துக்கொள் என்றுதான் போட்டேன்.

புது நாடாவில் நூலை இழுக்கக் குடைக்கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்து கொடுத்தேன்.

"இதுக்கு நேரமாவுதுங்க" என்று முணுமுணுத்தாள். பழக்கத்தில் நாடா அவள் வாய்வரை போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே இறக்கி, கொக்கியை எடுத்தாள்.