பின்மூடியில் இருந்த கோளாறு

போன் ரிப்பேரை யூடியூப் பார்த்துக் கற்றவன் நான். பட்டம் கிடையாது, பில்டப் மட்டும் உண்டு. மந்தாரக்குப்பத்தில் கடை போட்ட புதிதில், மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை செய்யும் ஒருவர் மணிச்சத்தம் கேட்காத போனைக் கொடுத்தார். சூப்பர்வைசர் கூப்பிடும்போது எடுக்காவிட்டால் அன்றைய ஷிப்ட் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

இரண்டு முறை ஸ்பீக்கர் மாற்றி, மூடியைப் போட்டுப் பார்த்தேன். போன் முனகியது, அவ்வளவுதான். எரிச்சலில் போர்டையே குற்றவாளி ஆக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் வந்தவரிடம், "போர்டு போயிடுச்சுண்ணே" என்றேன்.

"மூணு ஷிப்ட் போச்சு தம்பி. நீங்க வீடியோவே பாத்துகினு இருங்க!" என்றபடி, கழற்றி வைத்திருந்த பின்மூடியைக் கோபத்தில் மேசைமேல் தட்டினார். அதிலிருந்த ஸ்பீக்கர் வலையிலிருந்து நிலக்கரித் தூள் கொட்டியது. மூடியை மாட்டி, என் போனிலிருந்து கூப்பிட்டதும் அவர் போன் அலறியது.

"மைன்ஸ்ல வேலைன்னு அன்னிக்கே சொன்னேனே!" என்றார்.

இப்போதெல்லாம் எந்த போனையும் திறக்கும் முன், "எங்க வேலை செய்யறீங்க?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்வியை நான் கற்றுக்கொள்ள, அவர் மூன்று ஷிப்டை இழந்தார்.