துடுப்புப் பூச்சியைத் தேடித் தங்கவயலுக்கு

கோலார் தங்கவயலுக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது 1968 மே மாதம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போனேன்.

அப்போது சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் பூச்சி சேகரிக்கும் வேலை. பழவேற்காட்டுக் கரையில் ஒருநாள், அலை நுரைக்குள் நீந்தும் பூச்சி ஒன்றைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவு, நீல முதுகு, பின்கால் இரண்டும் துடுப்பு போலத் தட்டை. பிடிப்பதற்குள் போய்விட்டது. கடலில் பூச்சியாவது என்று மேலதிகாரி சிரித்தார். எட்டு வருஷம் அலுவலகத்தில் எனக்குப் ‘புளுகுப் பூச்சி’ என்றுதான் பெயர்.

பிறகு தங்கையின் கணவர் அருளப்பனிடமிருந்து கடிதம் வந்தது. அவர் சுரங்கத்தில் பம்பு ஓட்டுபவர். சுரங்கத்தின் அடித்தட்டான அடி லெவலில் தேங்கும் வெந்நீர் உப்புக் கரிக்கும், அதில் நான் சொன்ன அதே பூச்சி நீந்துகிறது என்று எழுதியிருந்தார்.

காலை ரயிலில் பங்காருபேட்டை, ஏறத்தாழ 290 கிலோமீட்டர். உட்கார இடமில்லை. அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருந்து மாரிக்குப்பம் வண்டி, இன்னொரு 16 கிலோமீட்டர். ஆண்டர்சன்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதுகு விட்டுப்போயிருந்தது.

வெளியாளைக் கீழே விடமாட்டார்கள். அதனால் அருளப்பனே தன் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வருவதாக ஏற்பாடு. வெளியே கொண்டுவர அனுமதிச் சீட்டும் வாங்கி வைத்திருந்தார்.

மறுநாள் பிற்பகல் இரண்டரை மணி. கம்பி வேலிக்கு வெளியே வெயிலில் நின்றேன். ஷிஃப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்தது. ஆட்கள் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். தங்கம் வெளியே போகாதிருக்க ஒவ்வொருவரும் காவலாளி முன்னால் சட்டையை உதறி, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, பாட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அருளப்பன் தூரத்திலிருந்தே பாட்டிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவர் முறை வந்தது. சட்டையை உதறினார், தூக்கைத் திறந்தார், பாட்டிலைக் கவிழ்த்தார்.

சரளையில் தண்ணீர் கொட்டியது. நீல முதுகு தெரிந்தது, துடுப்புக் கால்கள் அடித்துக்கொண்டன. வேலி வழியாகத் தெளிவாகப் பார்த்தேன். அருளப்பன் குனிவதற்குள் பின்னால் வந்தவரின் பூட்ஸ் மிதித்துச் சரளையோடு கூழாக்கிவிட்டது.

“இன்னாபா அது?” என்றார் காவலாளி.

அருளப்பன் மடித்த சீட்டை அவரிடம் நீட்டிவிட்டு என்னிடம் வந்தார். “இருபது வருசமா கவுக்கிற கை மச்சான். நான் கவுக்கல, அதுவா கவுத்துடுச்சி,” என்று அழுதார். “இருங்க, இன்னொண்ணு புடிச்சினு வரேன்.”

ஆறு நாள் இருந்தேன். கிடைக்கவில்லை.

“நானும் வாட்ச்மேனும் பாத்தோம்னு கையெழுத்துப் போட்டுத் தரோம் மச்சான்,” என்றார். புளுகனுக்கு மச்சான் சாட்சி என்பார்கள், வேண்டாம் என்றேன். அவர்மேல் கோபம் வரவில்லை. அலுத்துப்போயிருந்தது.

போகிறவர்கள் பங்காருபேட்டையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மே மாதம் வேண்டாம்.

சென்னை திரும்பியதும், அப்படி ஒரு பூச்சி கிடையாது, நான் பார்த்தது தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அந்த எட்டு வருஷத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மேலதிகாரி உடனே நம்பினார்.